வரவேற்பறையில் ஒரு பாடகர்

இசை என்றதும் மேடையையும் மண்டபத்தையும் ஒலிபெருக்கியையும் நினைப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. ஆனால் இசையின் நெடிய வரலாற்றில் பாதிக்கு மேல் வீடுகளிலேயே நடந்தது என்று கூறின் அது மிகையாகாது. வியன்னா நகரில் ஃபிரான்ஸ் ஷூபர்ட்டின் பாடல்களை முதலில் கேட்டு வளர்த்தவர்கள் அவருடைய நண்பர்களே. 1821 முதல் அவர்களுடைய இல்லங்களில் நடந்த மாலைக் கூட்டங்கள் 'ஷூபர்ட்டியாடு' என்றே பெயர் பெற்றன. தம் படைப்புகளை மட்டுமே கொண்டு அவர் நடத்திய பொது இசையரங்கு ஒன்றே ஒன்று. அது 1828 மார்ச் 26 அன்று நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் அவர் மறைந்தார். அவரது கலையைத் தாங்கிப் பிடித்தவை நண்பர்களின் வரவேற்பறைகளே.

இன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 'ஹவுஸ் கான்சர்ட்' என்னும் பெயரில் அம்மரபு புதுவடிவம் பெற்றுள்ளது. தாமே பாட்டெழுதி, இசையமைத்து, ஒற்றைக் கித்தாருடன் ஊர் ஊராகச் செல்லும் பாடகர்களுக்கு வார இறுதியில்தான் பெரும்பாலும் அரங்கம் கிடைக்கும். இடைப்பட்ட நாள்களில் யாரேனும் ஒருவர் தம் வீட்டைத் திறந்து வைக்கிறார். அறைக்கலன்களை ஓரமாக ஒதுக்கி, அண்டை வீடுகளில் நாற்காலிகளை இரவல் வாங்கி, இருபது முதல் ஐம்பது பேர் வரை அழைக்கிறார். வருவோர் ஆளுக்கொரு உணவு வகையைக் கொண்டு வருவதும் உண்டு. இடைவேளையுடன் இரு பகுதிகளாகப் பாட்டு நடைபெறுகிறது. வருவோர் தரும் தொகை முழுவதும் பாடகருக்கே உரியது. வீட்டார் அதில் பங்கு எடுப்பதில்லை என்பது பொதுவாகப் போற்றப்படும் நெறி. இரவில் பாடகர் அவ்வீட்டிலேயே தங்கி, காலையில் அடுத்த ஊருக்குப் புறப்படுகிறார்.

நம் ஆற்றுப்படை நூல்களில் பரிசில் பெற்ற பாணன், எதிர்ப்படும் மற்றொரு பாணனைத் தன் புரவலனிடம் ஆற்றுப்படுத்துவான். நல்ல வீடு ஒன்றை அறிந்த பாடகர் அதை மற்றவர்க்குச் சொல்லி அனுப்பும் வழக்கம் இங்கும் உண்டு. வேறுபாடு ஒன்றே. அங்கே வள்ளல் ஒருவன். இங்கே வந்தமர்ந்த அனைவரும் வள்ளலின் கடனைப் பகிர்ந்து கொள்கின்றனர்.

இவ்வடிவம் பாடலுக்குச் செய்வது என்ன? ஒலிபெருக்கி இல்லாத அறையில் மெல்லெழுத்தும் காதில் விழுகிறது. நரம்பின் மேல் விரல் நழுவும் ஓசை கேட்கிறது. முழக்கத்தின் பின்னே ஒளிந்துகொள்ளும் வெற்று வரி இங்கு உடனே வெளிப்பட்டுவிடும். கேட்போரும் இருளில் மறைந்திருக்கவில்லை. பாடுவோர் அவர்கள் முகத்தைப் பார்க்கிறார். பாடலை மட்டுமன்றி, கேட்பவரையும் இந்த அறை சோதிக்கிறது.

இச்சோதனையின் உச்சத்தை டேவிட் பசான் என்னும் அமெரிக்கப் பாடகரிடம் காண்கிறோம். பெந்தகோஸ்து சபைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தையார் சபையின் இசைப்பணியாளர். 1995இல் 'பெத்ரோ த லயன்' என்னும் இசைக்குழுவைத் தொடங்கி, கிறிஸ்தவ இளைஞரிடையே பெரும் மதிப்புப் பெற்றார். 2009இல் வெளிவந்த 'கர்ஸ் யுவர் பிராஞ்சஸ்' என்னும் இசைத்தொகுப்பில், தம் நம்பிக்கை தம்மைவிட்டு அகன்றதை மறைக்காமல் பாடினார். அதன் முதற்பாடல் ஏதேன் தோட்டத்து மரத்தின் கதையையே கேள்விக்கு உள்ளாக்குகிறது. அக்காலம் முதல் அவர் ஒற்றைக் கித்தாருடன் வீடு வீடாகப் பாடத் தொடங்கினார். பாடல்களுக்கிடையே நிறுத்தி, ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா என்று கேட்போரை வினவுவது அவர் வழக்கம்.

அவ்வறைகளில் விசுவாசிகள் இருந்தனர். விசுவாசம் இழந்தோரும் இருந்தனர். பிரான்டன் வெடர் இயக்கி 2019இல் வெளிவந்த 'ஸ்ட்ரேஞ்ச் நெகோஷியேஷன்ஸ்' என்னும் ஆவணப்படம், மனைவி மக்களைப் பிரிந்து தனியே நெடுந்தொலைவு காரோட்டிச் செல்லும் அவருடைய பயணத்தைக் காட்டுகிறது. படத்தின் மையம் பாடகரே. நம் எண்ணமோ கதவைத் திறந்தவர்கள் மேல் செல்கிறது. தம் நம்பிக்கையை மறுத்துப் பாடும் ஒருவரைத் தம் கூரையின் கீழ் அமர்த்தி, குறுக்கிடாமல் கேட்பது எளிய செயலன்று. மறுமொழி கூறும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஆலயத்தில் கேட்க இயலாத வினாவை அந்த வரவேற்பறை கேட்டது. இது பாடகருக்கு மட்டுமன்றித் திருச்சபைகளுக்கும் உரிய செய்தி என்றே கருதுகிறோம். ஐயத்தைக் கேட்பது ஐயத்தை ஏற்பதாகாது. அது மனிதரை ஏற்பதாகும்.

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் இங்கு நினைவுக்கு வருகிறது. அதன் முற்பகுதியில் இயேசு சீடர்களை ஊர்களுக்கு அனுப்பி, ஏற்கும் வீட்டில் தங்கவும் தருவதை உண்ணவும் பணிக்கிறார். உழைப்பவர் கூலிக்கு உரியவர் என்கிறார். அதிகாரத்தின் இறுதியிலோ மார்த்தாவின் இல்லம் வருகிறது. விருந்துக்கு ஓடியாடி உழைத்தவர் மார்த்தா. அமர்ந்து கேட்டவர் மரியா. கூலி, உணவு, கேட்டல் ஆகிய மூன்றும் ஓரதிகாரத்தில் அமைந்திருப்பது நம் சிந்தனைக்கு உரியது. இல்ல இசையரங்கின் முழு அறமும் இம்மூன்றில் அடங்கும். ஒன்று குறைந்தாலும் விருந்தோம்பல் குறைபடும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. முதலாவது, கூலி. அன்பின் பெயரால் பணத்தைப் பற்றிப் பேசக் கூசும் வீட்டார் பாடகரை வெறுங்கையராய் அனுப்பிவிடுவர். பாட்டின் இறுதியில் எழுந்து நின்று, இது இவருடைய பிழைப்பு என்று தெளிவாகச் சொல்வது வீட்டாரின் கடமை. இரண்டாவது, ஓய்வு. பாட்டு முடிந்த பின்னும் நள்ளிரவு வரை உரையாடலை எதிர்பார்க்கும் வீட்டில், படுக்கைக்கான வாடகையைப் பாடகர் தம் உறக்கத்தால் செலுத்துகிறார். களைத்தவருக்குத் தனியறையும் கதவடைக்கும் உரிமையும் தருவதும் விருந்தோம்பலே.

மூன்றாவது குறை இவ்வடிவத்தோடு ஒட்டியே பிறந்தது. தனிப்பட்டோர் இல்லம் ஆதலால் முகவரி ஊரறிய அறிவிக்கப்படுவதில்லை. அழைக்கப்பட்டோரும் முன்பே பதிந்தோருமே வருகின்றனர். விசாலமான அறை உடையவரே அழைக்க முடிகிறது. அவரையொத்தவரே பெரும்பாலும் அழைக்கப்படுகின்றனர். பதில் விருந்துக்கு அழைக்க வல்லாரையே அழைக்கும் விருந்தைப் பற்றி நற்செய்தி எச்சரித்திருக்கிறது. பாட்டுக் கேட்க ஒருபோதும் அழைக்கப்படாத அண்டை வீட்டாருக்கென இரண்டு நாற்காலிகளேனும் ஒதுக்கப்படுமாயின், இவ்வடிவம் தன் பெயருக்கு முழுத் தகுதி பெறும்.

பதிவு செய்யப்பட்ட இசை அனைத்தும் கைக்குள் கிடைக்கும் இந்நாளில், ஒருவர் நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்து இருபது பேருக்குப் பாடுவது வீண் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. பதிவு செய்த பாடலை வேண்டாதபோது நிறுத்திவிடலாம். எதிரே அமர்ந்து பாடும் மனிதரை அவ்வாறு நிறுத்த முடியாது. இறுதிவரை கேட்டாக வேண்டும். அந்தப் பொறுமையை நமக்குக் கற்பிக்கும் எதுவும் வரவேற்புக்குரியது.