தனியாக வந்தவளின் உடம்பு

தமிழ்ப் பயண நூல்களில் ‘நான்’ என்று வரும் இடத்தில் ஒரு பெண்ணை வைத்து வாசித்துப் பாருங்கள். பல பக்கங்கள் நகராது. ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றினார். சிட்டியும் தி. ஜானகிராமனும் ஆற்றோடு போய் ‘நடந்தாய் வாழி காவேரி’ எழுதினார்கள். இவற்றை விரும்பிப் படித்தவள் நான், வகுப்பில் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்த வகை எழுத்தின் சுகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்த்தால் பதில் எளிது. தெரியாத ஊரில் இறங்கலாம், டீக்கடை பெஞ்சில் உட்காரலாம், எதிரே இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கலாம், இருட்டிவிட்டால் கிடைத்த இடத்தில் தங்கலாம். எதற்காக வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் ‘சும்மா’ என்று சொன்னால் போதும். அந்தச் ‘சும்மா’ ஆணுக்கு மட்டும் செல்லுபடியாகும் நாணயம்.

அப்படியானால் தமிழில் தனியே பயணம் போன பெண்களே இல்லையா? இருக்கிறார்கள், அதுவும் பெரிய பெயர்கள். அவர்கள் என்ன விலை கொடுத்துப் போனார்கள் என்பதைத்தான் நம் விமர்சனம் போதுமான அளவு கவனிக்கவில்லை.

மணிமேகலையை எடுத்துக்கொள்வோம். உவவனத்தில் உதயகுமாரன் பின்தொடர்கிறான். தூங்கிக்கொண்டிருப்பவளைத் தெய்வம் தூக்கிப்போய் மணிபல்லவத்தில் விடுகிறது. கண்விழித்தால் தெரியாத கடற்கரை. தோழியைத் தேடுகிறாள், இறந்த தகப்பனை நினைத்து அழுகிறாள். தமிழில் ஒரு பெண் அறியாத கரையொன்றில் தனியாக நிற்கும் மிக முக்கியமான காட்சி இது. பிறகு தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்கள் தருகிறது: வேறு உருவம் எடுப்பதற்கு, வானத்தில் போவதற்கு, பசிக்காமல் இருப்பதற்கு. இவற்றைச் சித்து என்று உரைகாரர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இது ஒரு பயணப் பெட்டியில் இருக்கவேண்டிய சாமான்களின் பட்டியலாகத்தான் படுகிறது. ஒரு பெண் தனியாக ஊர் சுற்ற வேண்டுமென்றால் அவளை அடையாளம் தெரியக் கூடாது, சாலையில் நடக்கக் கூடாது, சாப்பாட்டுக்கடைக்குள் நுழைய வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. சாத்தனாருக்கு நிலைமை துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. வேற்றுருவும் முழுக் காப்பு இல்லை என்பதையும் அவர் சொல்லியே இருக்கிறார். காயசண்டிகை வடிவில் அவள் இருக்கும்போதுதான் உதயகுமாரன் வெட்டுப்படுகிறான், சிறைக்குப் போவது அவள். வஞ்சியில் சமயவாதிகளிடம் பேசப் போகையில் ஆண் துறவியின் வடிவம் தேவைப்படுகிறது. வாதம் செய்யும் அறிவு அவளுடையது, அதைத் தூக்கிக்கொண்டு போகும் உடம்பு ஆணுடையது.

காரைக்கால் அம்மையாரின் கதை இன்னும் கூர்மை. அதுவும் ஒரு துறைமுக ஊரில் தொடங்குகிறது. கணவன் பரமதத்தன் கப்பலேறுகிறான், பாண்டிநாட்டில் ஒரு பட்டினத்தில் வேறு குடும்பம் அமைத்துக்கொள்கிறான். ஒரு வணிகன் கடல் தாண்டிப் போவதற்கு அவனுக்குக் காரணம் ஒன்றும் கூடுதலாகத் தேவைப்படவில்லை. புனிதவதி அவனிருக்கும் ஊருக்குப் போவது சிவிகையில், சுற்றத்தார் சூழ. உடம்பு இருக்கும்வரை துணை. அழகைத் தாங்கிய தசையைக் கழற்றிக்கொள் என்று இறைவனிடம் கேட்டுப் பேயுருப் பெற்ற பிறகுதான் அவர் தனியாகக் கயிலைக்குக் கிளம்புகிறார். அப்போதும் காலால் நடக்கவில்லை, தலையால்.

ஔவைக்கு வருவோம். இளமையை நீக்கி முதுமை கொடு என்று பிள்ளையாரிடம் கேட்டவள் என்பது பிற்காலக் கதை. 1953இல் ஜெமினியின் படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அந்தக் கிழவியை நம் கண்ணில் நிரந்தரமாக உட்கார வைத்தார். ஆனால் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன சங்ககால ஔவை கிழவி இல்லை. புறநானூற்றின் 89ஆம் பாட்டில் பகைவேந்தன் அவளை ஒளி நெற்றியும் மையுண்ட கண்ணும் உடைய விறலி என்றுதான் விளிக்கிறான். அவன் கேள்விக்கு அவள் துணிச்சலாகப் பதில் சொல்கிறாள். அந்த உடம்போடு ஒரு பெண் எதிரி நாட்டுக்குப் போய் வந்தாள் என்பதைப் பின்னால் வந்தவர்களால் தாங்க முடியவில்லை போலும். இரண்டு மூன்று ஔவைகள் இருந்தார்கள் என்று தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். அந்த வரலாற்றில் ஏன் எப்போதும் இளையவள் காணாமல் போய்க் கிழவியே மிஞ்சுகிறாள் என்ற கேள்விக்கு மதிப்பெண் இல்லை.

நவீன காலத்தில் அம்பையின் ‘அடவி’ இந்த வரிசையை உடைத்தது. செந்திரு தன் உடம்போடும் வயதோடும் காட்டுக்குப் போகிறாள், உருமாறாமல். அந்தக் கதையின் மேல் எனக்குள்ள மரியாதை குறையாமலே ஒன்று சொல்ல வேண்டும். காட்டில் தங்குவது ஒன்று, ஊரில் தங்குவது வேறொன்று. காடு கேள்வி கேட்காது, கடைத்தெரு கேட்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் கடல் உண்டு என்பது வெளியூர்க்காரர்களுக்கு மட்டுமல்ல, திருமயம் பக்கத்து மாணவிகளுக்கே வியப்பான செய்தி. பாக் நீரிணைக் கரையில் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று ஊர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம், எந்த வேலையும் இல்லாமல், அறந்தாங்கியில் பஸ் மாறி அந்தக் கரைக்குப் போனேன். கருத்தரங்கு இல்லை, நேர்த்திக்கடன் இல்லை, உறவினர் வீட்டு விசேஷம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் அறை கேட்டேன். “கூட யாரும் வரலியா மேடம்?” என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். இல்லை என்றேன். வீட்டுக்காரர் நம்பர் கொடுங்க, பேசிட்டுத் தரேன் என்றார். பணிவாகத்தான் சொன்னார். பையில் முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர் என்ற அடையாள அட்டை இருந்தது. அது அந்த மேசைக்கு முன் ஒரு கைபேசி எண்ணைவிட எடை குறைந்த பொருள்.

அன்றிரவு பழைய மாணவி ஒருத்தியின் அம்மா வீட்டில் தங்கினேன். அந்த நிமிஷம் முதல் நான் ‘டீச்சர்’. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அந்த அம்மா, “பாப்பாவோட டீச்சரு, ஆராய்ச்சிக்கு வந்திருக்காங்க” என்றார். நான் ஆராய்ச்சிக்கு வரவில்லை என்று இரண்டு முறை சொன்னேன். அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், அதனால் காதில் வாங்கவில்லை. மணிமேகலையின் முதல் மந்திரம் இப்போது இப்படித்தான் வேலை செய்கிறது. டீச்சர், அக்கா, இன்னார் மருமகள், சர்வே எடுக்க வந்தவர்.

மும்பையை வைத்து ஷில்பா பாட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய நூல் இதைத்தான் சொல்லியது: பெண் பொது இடத்தில் நிற்க வேண்டுமானால் ஒரு நோக்கத்தைக் காட்டியபடி நிற்க வேண்டியிருக்கிறது. காரணமின்றிச் சுற்றும் உரிமைதான் கேட்க வேண்டியது என்பது அவர்கள் வாதம். எனக்கு உடன்பாடே. ஆனால் அந்த வாதத்தை ஜெகதாப்பட்டினத்தின் ஏலக்கூடத்தில் வைத்தால் கொஞ்சம் ஆடுகிறது. விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகின்றன, மறுநாள் காலை ஏலம். நண்டு, இறால், கணவாய் எல்லாம் வியாபாரிகளின் ஐஸ் பெட்டிகளுக்குப் போன பிறகு, மிஞ்சியதை வாங்கி அலுமினிய அன்னக்கூடையில் அடுக்கிக்கொண்டு பெண்கள் உள்ளூர்களுக்குக் கிளம்புகிறார்கள், தெரியாத தெருக்களுக்கு, தனியாக. ஒரு அம்மாவிடம், “நீங்களும் தனியாத்தானே போறீங்க?” என்றேன். “நான் எங்க தனியா போறேன்? மீனு கூட வருதுல்ல” என்றார். சிரிப்பு வந்துவிட்டது. அதற்குமேல் எந்தக் கோட்பாடும் அந்தக் கூடத்தில் எடுபடாது.

அந்த மீன்தான் அவருக்கு அனுமதிச்சீட்டு, அதுவேதான் குற்றமும். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு ஆணை வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் குளச்சலில் மீன் விற்ற மூதாட்டி ஒருவரை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து ஊழியர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள், சரிதான். என்னை விடுதியில் மறுத்ததையும் அவரை இறக்கிவிட்டதையும் ஒரே அனுபவமாக எழுதிவிடும் பெண்ணியக் கட்டுரைகளில் எனக்குச் சம்மதமில்லை. எனக்கு ‘டீச்சர்’ என்று ஒரு வேற்றுரு கைவசம் இருந்தது. சாதியும் தொழிலும் உடம்பின் வாசனையாகவே படிக்கப்படும் ஒருவருக்கு எந்த மந்திரம் உதவும்?

இந்த மாவட்டத்தில் இதற்கு ஒரு மாற்று நடந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தில் 1500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரை நிறைத்ததைப் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை வாங்கியவர்கள் அதையே விரும்பினார்கள், முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால். அந்த இயக்கத்தின் பாராட்டுரைகளில் இந்தக் கம்பி சுவையான தகவலாக வந்து போகும். எனக்கு அது நெருடுகிறது. தனியாகப் போகக் கற்ற பிறகும் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு தண்ணீர்க் குடம். ஆனாலும் அவர்கள் எந்த உருவமும் மாறவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு, கேலி செய்தவர்கள் முன்னாலேயே, அதே உடம்போடு போனார்கள். காப்பியத்தில் இல்லாதது அது.

கோட்டைப்பட்டினத்தில் ராவுத்தர் அப்பா தர்கா இருக்கிறது. அதன் முற்றத்தில் ஒரு பெண் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் ஏனென்று கேட்பதில்லை, துயரம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். துயரமும் ஒரு நோக்கமாகக் கணக்கில் வரும். அங்கேதான் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். வயது முப்பதுக்குள். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகில் அவர் வீட்டுக்காரரும் இருந்திருக்கிறார். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகம், பிறகு ராமேஸ்வரம், பிறகு மனு கொடுக்கச் சென்னை. அதற்கு முன் அறந்தாங்கிக்கு அப்பால் போனதில்லை. சென்னைக்குப் போனது தனியாகவே, துணைக்கு வருகிறேன் என்ற கொழுந்தனார் கடைசி நேரத்தில் வரவில்லை. கப்பலில் போனவன் மனைவி என்ற வகையில் அவருக்கும் புனிதவதிக்கும் ஒரு உறவு உண்டு. ஆனால் சிவிகையும் இல்லை, பேயுருவும் இல்லை. நம் பயண இலக்கியத் தொகுப்பு எதிலும் இந்தப் பயணத்துக்கு இடமில்லை. அது செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் ‘மீனவர் குடும்பத்தினர் மனு’ என்று மூன்று வரியில் போய்விடும்.

சென்னை எப்படி இருந்தது என்று கேட்டேன். யோசித்தார்.

“கோட்டைக்கு எதுத்தாப்புல கடலு இருந்துச்சுக்கா. ரோட்டத் தாண்டிப் போயிப் பாக்கலாம்னுதான் நின்னேன். ஒருத்தரு வந்து, தனியாவா வந்தேன்னாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”