பெயரும் பிள்ளையும்: சப்ரகமுவத் தோட்டக் குடும்பங்களின் இன அடையாளம் பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு மக்கட் கூட்டத்தினர் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் பெயர் ஒன்றாகவும், அரசினர் அவர்க்கு இடும் பெயர் வேறொன்றாகவும், அயலார் வழங்கும் பெயர் பிறிதொன்றாகவும் இருத்தல் உலகில் அரிதன்று. ஆயின், ஒரே லயத்திற் பிறந்து வளர்ந்த பாட்டனும் தந்தையும் பேரனும் தத்தம் பத்திரங்களில் வெவ்வேறு நிலையினராய்ப் பதியப்பட்டிருத்தல் அரிதேயாம். பாட்டன் நாடற்றவர், தந்தை இந்தியத் தமிழர், பேரன் இலங்கைத் தமிழன். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களில் இக்காட்சி எளிதிற் காணக்கிடைக்கின்றது. மூவரும் ஒரே குடும்பத்தவர். மூவரும் பேசுவது ஒரே தமிழ். பேரன் பள்ளிக்கு வரும்பொழுதுதான் இம்மூன்று நிலைகளும் ஒரு படிவத்தின் மேல் ஒன்றோடொன்று முட்டுகின்றன.

மலையக மக்களைப் பற்றி அண்மைக் காலத்தில் எழுதப்பெறும் கட்டுரைகள் மிகப் பல. 2023 ஆம் ஆண்டில் அம்மக்களின் வருகைக்கு இருநூறாண்டு நிறைவுற்றதை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபெற்ற நடைபயணத்தின் பின்னர் இவை பெருகியுள்ளன. பெருக்கம் மகிழ்தற்குரியதே. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை நுவரெலியா மாவட்டத்தை மனத்திற் கொண்டு எழுதப்பட்டு, முழுச் சமூகத்துக்கும் பொருந்துவன போலப் பேசுகின்றன. சப்ரகமுவ அவற்றில் ஓர் அடைமொழியாகவே வந்து போகின்றது. இக்குறையை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் பெயர்களின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்னும் பகுப்புக் குடிசன மதிப்பில் முதன்முதல் இடம்பெற்றது 1911 இல். 1946 ஆம் ஆண்டு மதிப்பின்படி இந்தியத் தமிழர் தொகை ஏறத்தாழ 7,80,000. இலங்கைத் தமிழர் தொகையோ ஏறத்தாழ 7,33,000. சிறியதெனக் கருதப்பட்ட கூட்டம் அன்று எண்ணிக்கையிற் பெரியதாயிருந்தது. இரண்டாண்டுகள் கழிய, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. வமிசாவழிக் குடியுரிமை கோருவோன் தன் தந்தையாவது, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமாவது இந்நாட்டிற் பிறந்தமையைக் காட்டவேண்டுமென்று அச்சட்டம் விதித்தது. பிறப்புப் பதிவு என்பது துரையின் செக்ரோலில் ஒரு கோடாக மட்டும் இருந்த காலத்தில், முப்பாட்டனின் பிறப்புக்குச் சான்று தேடுவது எங்ஙனம்? 1949 இல் வந்த சட்டங்கள் வாக்குரிமையையும் பறித்தன. 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 இற் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. 1988 இலும் 2003 இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் நாடற்றோர் நிலை ஒருவாறு தீர்ந்தது.

இவ்வரலாற்றை வாசகர் பலர் அறிவர். அறிந்தும் அதன் ஒரு கூறினை மறந்துவிடுகின்றனர். ‘இந்தியத் தமிழர்’ என்பது இம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. அவர்களை எங்கே அனுப்பலாம் என்னும் வினாவுக்கு முன்னேற்பாடாய் அமைந்த பெயர். ஆதலின் ஒரு தந்தை தன் மகனின் பிறப்பை இலங்கைத் தமிழன் என்று பதிவு செய்விக்கும்பொழுது அவன் தன் குலத்தை மறைக்கின்றான் என்று கூறுவது பொருந்தாது. ஒரு வழக்கிலிருந்து விடுபட விழைகின்றான் என்பதே பொருந்தும்.

இதற்குத் தொகைகளே சான்று பகரும். இரத்தினபுரி மாவட்டத்தில் 1981 இல் இந்தியத் தமிழர் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினொருவர். 2012 இல் ஏறத்தாழ அறுவர். அதே மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் பங்கு நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்தாக உயர்ந்தது. இடைப்பட்ட முப்பதாண்டுகளில் யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் திரள் திரளாய் வந்து இரத்தினபுரியிற் குடியேறினர் என்று எவரும் சொல்லார். இந்தியத் தமிழர் குறைந்தமைக்கு இந்தியாவுக்குப் போனோரும் வன்செயல்களால் வடக்கே பெயர்ந்தோரும் ஒரு காரணம். இலங்கைத் தமிழர் கூடியமைக்கோ, இருந்த இடத்திலேயே இருந்து பெயரை மாற்றிக்கொண்டோரே தலையாய காரணமாதல் வேண்டும். குடிசன மதிப்பைக் கொண்டு இச்சமூகம் தேய்கின்றதென்று புலம்பும் அறிஞர், தேய்ந்தது மக்களா பெயரா என்று முதலிற் பிரித்தறிதல் நன்று.

இனி, ‘மலையகத் தமிழர்’ என்னும் பெயரை ஆராய்வோம். ‘தோட்டக்காட்டான்’ என்றும் ‘கள்ளத்தோணி’ என்றும் இழிவுரைகள் வழங்கிய ஒரு சூழலில், அம்மக்களின் எழுத்தாளரும் ஆசிரியரும் தொழிற்சங்கத்தினரும் பல்லாண்டு உழைத்து நிலைநாட்டிய பெயர் இது. வீடற்றவன் எழுதிய சி. வி. வேலுப்பிள்ளை, ஒரு கூடைக் கொழுந்து எழுதிய என். எஸ். எம். ராமையா, நாமிருக்கும் நாடே எழுதிய தெளிவத்தை ஜோசப் முதலியோரின் எழுத்து இல்லையேல் அப்பெயருக்கு உயிர் வந்திராது. 2024 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் என்பதனோடு மலையகத் தமிழர் என்னும் பெயரும் சேர்க்கப்பட்டமை அவ்வுழைப்பின் பயனே. அதன் பெருமையை யாம் குறைக்க முற்படவில்லை.

ஆயின் மலை எங்கே என்று சப்ரகமுவச் சிறுவன் கேட்பானாயின் யாது விடை கூறுவது? பலாங்கொடைக்கும் இறக்குவானைக்கும் மேலே மலைகள் உள. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்றை, உறுவன்வெல்லைப் பக்கங்களிற் பல தோட்டங்கள் தாழ்ந்த குன்றுகளில் அமைந்தவை. அங்கே கொழுந்து எடுப்போரைப் போல இறப்பர்ப் பால் வெட்டுவோரும் பலர். நுவரெலியாவில் ஒரு தோட்டம் முடியும் இடத்தில் மற்றொரு தோட்டம் தொடங்கும். காணும் திசையெல்லாம் தமிழே ஒலிக்கும். சப்ரகமுவவிலோ தோட்டம் ஒரு தீவு; சுற்றிலும் சிங்களக் கிராமம். இரத்தினபுரியிற் சிங்களக் குடியானவர் தாமும் சிறு தேயிலைத் தோட்டக்காரர். அவர்தம் காணியிற் கூலிக்குக் கொழுந்து எடுக்கச் செல்வோர் தோட்டத்துப் பெண்கள். தேயிலை இங்கு ஓர் இனத்தின் குறியன்று.

இவ்வயன்மை நல்லதும் தீயதும் சேர்ந்தது. 1946 இல் கேகாலை மாவட்டத்து உந்துகொடையில் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு சுவீகரித்துக் கிராமத்தாருக்குப் பங்கிட முனைந்தபொழுது, அங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேற மறுத்தனர். வேலைநிறுத்தமும் வழக்கும் மூண்டன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் லயங்கள் தாக்கப்பட்டன. பல குடும்பங்கள் வவுனியாவை நோக்கிப் பெயர்ந்தன. அக்காலத்தில் அவர்களைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்தோரும் அயற் சிங்களக் கிராமத்தார் சிலரே. இவ்விரண்டையும் ஒருங்கு நினைவிற் கொண்ட ஒரு தாய், தன் பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவு செய்கின்றாள் என்பதை மறத்தலாகாது.

பள்ளி பற்றியே இனிப் பேசவேண்டும். 1907 ஆம் ஆண்டுச் சட்டமும் 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கின. நடைமுறையில் அது ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையுமாகவே நின்றது. கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபொழுது இக்கொட்டகைகள் அதன் நிழலுக்கு அப்பால் இருந்தன. எழுபதுகளில் தொடங்கிப் படிப்படியாகவே அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. இன்றும் சப்ரகமுவத் தோட்டத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞான வகுப்பில்லை. கணித ஆசிரியர் வந்தால் ஓராண்டுக்குள் மாற்றம் பெற்றுச் செல்கின்றார். அரைக் கட்டை தூரத்திலோ, கட்டடமும் ஆய்வுகூடமும் உள்ள சிங்களப் பாடசாலை நிற்கின்றது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை தேசிய மொழிகள் இரண்டில் எதன் மூலமும் கல்வி பெறும் உரித்தை அளிக்கின்றது. ஆகவே பெற்றோர் சிலர் பிள்ளையைச் சிங்களப் பாடசாலைக்கு அனுப்புகின்றனர்.

அங்கே முதல் இடர் பெயரிலேயே தோன்றுகின்றது. எம் வழக்கில் தந்தை பெயரே முன்னெழுத்தாகும். சிங்களர் வழக்கில் வாசகமப் பெயர் தலைமுறை தலைமுறையாய்த் தொடர்வது. படிவத்தை நிரப்பும் எழுதுவினைஞர் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயரும் தம்பிக்கு வேறொரு குடும்பப் பெயரும் எழுதிவிடுகின்றார். தமிழ் எழுத்திலிருந்து சிங்களத்துக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் பெயர்க்கையில் ஒலியும் திரிகின்றது. பின்னர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் பதினைந்தாம் வயதில் அப்பிள்ளை கச்சேரிக்கு நடையாய் நடக்கின்றான்.

இரண்டாவது இடர் சமயம். சமயப் பாடம் சாதாரணதரத்திற் கட்டாய பாடம். சிங்கள மொழிப் பாடசாலையில் நான்கு இந்துப் பிள்ளைகளுக்காகச் சைவநெறி ஆசிரியரை நியமிப்பார் இலர். பிள்ளை பௌத்தத்தைப் பயின்று அதிற் சிறந்த சித்தியும் பெறுகின்றான். மாலையில் தோட்டத்து மாரியம்மன் கோயிலிற் காவடிக்கு மேளம் அடிக்கின்றான். எமது சைவப் பெரியோர் சிலர் இதனை மதமாற்றம் என்பர். அப்பிள்ளையின் பாட்டியைக் கேட்டால், “புத்தரும் சாமிதானுங்களே மாஸ்டர்” என்று கூறி முடித்துவிடுவாள். அவள் கூற்றை ஏற்பதா மறுப்பதா என்பது தத்துவ ஆராய்ச்சிக்குரியது. ஆனால் ஒரு பாடத்துக்கு ஆசிரியரை அனுப்பாத திணைக்களத்தை விடுத்து, கிடைத்ததைப் படித்த பிள்ளையைக் குற்றங்காணுதல் நியாயமன்று.

பிறநாட்டு அனுபவம் ஒன்றை ஈண்டு ஒப்புநோக்கலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இசுப்பானிய மொழிவழி வந்தோரை அரசு ‘ஹிஸ்பானிக்’ என்னும் ஒரு தொகுதியாகக் கணிக்கின்றது. நெடுங்காலம் அஃது இனம் என்று கொள்ளப்படாது தனி வினாவாகக் கேட்கப்பட்டது. வெள்ளையர், கறுப்பர் முதலிய இனப்பட்டியலில் தம்மை எங்கே வைப்பதென்று அறியாது, 2020 ஆம் ஆண்டு மதிப்பிற் பத்தில் நால்வருக்கு மேற்பட்டோர் ‘வேறு இனம்’ என்று மட்டும் குறித்தனர். 2024 இல் அவ்வரசு இரு வினாக்களையும் ஒன்றாக்க முடிவு செய்தது. இதனினும் சுவையானது, போர்ட்டஸ், ரும்பௌட் என்னும் அறிஞர் இருவர் மயாமி, சான் தியேகோப் பகுதிப் பள்ளிகளிற் கண்டது. கியூபப் பெற்றோரிற் பத்தில் ஒன்பதின்மருக்கு மேற்பட்டோர் தம்மை வெள்ளையர் என்றனர். அவர்தம் பிள்ளைகளிற் பாதிக்கும் குறைந்தோரே அங்ஙனம் கூறினர். பல இனப் பிள்ளைகளோடு ஒரு வகுப்பில் இருந்தமையால், வீட்டில் அறியாத ஓர் இனப்பெயரை அவர்கள் பள்ளியிற் கற்றனர்.

சப்ரகமுவவிலும் இத்தகையதொன்று நிகழ்கின்றது. ஆனால் எதிர்த்திசையிலும் நிகழ்கின்றது என்பதே எம் கருத்து. தமிழ்ப் பாடசாலையிற் பயிலும் பிள்ளைக்குத் தான் தமிழன் என்பது வினாவே அன்று. அவன் லயத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் கொண்டே தன்னை வேறுபடுத்துவான். சிங்களப் பாடசாலையிற் பயிலும் பிள்ளையோ முதல் வாரத்திலேயே ‘தெமள’ என்று அழைக்கப்பட்டுத் தன் இனத்தை அறிகின்றான். சிங்களம் கற்பதால் தமிழை மறப்பான் என்று அஞ்சப்படும் அப்பிள்ளையே, தமிழன் என்னும் உணர்வைக் கூர்மையாய்ப் பெறுதலும் உண்டு. வேறு சிலர் வீட்டில் அன்றி வெளியில் தமிழ் பேச நாணுகின்றனர் என்பதும் உண்மையே. எது மிகுதி என்று துணிந்துரைப்போர் தம் கொள்கையையே உரைக்கின்றனர்.

இவ்விடத்தில் எம்மவரைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். இம்மலர் போன்ற ஏடுகளை வாசிப்போர் பலர் வடபுலத்துக் கல்விமரபில் வந்தோர். 1948, 1949 ஆம் ஆண்டுகளிற் குடியுரிமை பறிபோனபொழுது தமிழர் தலைவர்கள் ஒருமித்து நிற்கவில்லை; 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியமைக்கு அப்பிளவு ஒரு முதன்மைக் காரணம். அதன் பின்னரும் தோட்டப் பள்ளிகளுக்கு நியமனம் பெற்ற எம் ஆசிரியர் சிலர் மாற்ற விண்ணப்பத்தை முதல் நாளிலேயே எழுதினர். இன்று அதே பகுதியினர், தோட்டப் பிள்ளை சிங்களப் பள்ளிக்குச் செல்வதைக் கண்டு இனம் அழிகின்றதென்று மலர்களிற் கட்டுரை வரைகின்றனர். வெற்றுக் கதிரையை நோக்கிப் படிக்குமாறு பிள்ளையைப் பணிக்க எவர்க்கும் உரிமையில்லை. மறுபுறம், கொழும்பிலிருந்து எழுதும் சீர்திருத்தவாதிகள் இதனை இன ஒற்றுமையின் வெற்றி என்று பாராட்டுகின்றனர். கணித ஆசிரியர் இல்லாமையால் நேர்ந்த இடப்பெயர்ச்சியை ஒற்றுமை என்று கொண்டாடுவதும் அதே அளவு போலியானது. அயற்கிராமத்துச் சிங்களப் பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்கு வருகின்றானா என்று கேட்டால் இவர்கள் வாய் திறவார்.

சிங்கள மொழிப் பாடசாலைகளில் ஆறாந்தரம் முதல் தமிழ் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படுகின்றது. அவ்வகுப்பில் எம் தோட்டத்துப் பிள்ளையும் அமர்ந்து, தாயிடம் பேசும் மொழியின் அகரத்தை அயன்மொழியாகக் கற்கின்றான். எழுதத் தெரியாமையால் அப்பாடம் அவனுக்கும் தேவையே; பேசத் தெரிதலால் ஒரு தவணைக்குள் வகுப்பில் முதலாவதாகின்றான். அதுவரை அவன் தமிழைக் கேட்டு நகைத்த தோழர் ஒப்படை எழுத அவனிடமே வருகின்றனர். அவ்வகுப்புக்கு ஏற்ற பாடநூல் எதுவும் இல்லை. உள்ள நூல் சிங்களப் பிள்ளைக்கென எழுதப்பட்டது. வீட்டுத் தமிழை அறிந்து ஏட்டுத் தமிழை அறியாத பிள்ளைக்கென ஒரு சிறு வாசிப்பு நூல், லயமும் பிரட்டும் பால் வெட்டும் சொற்களாய் வரும் ஒரு நூல், ஐம்பது பக்கமாயினும் போதும். அதனை ஆக்கவல்ல தமிழாசிரியர் இம்மலரை வாசிப்போரிற் பலர் உளர்.