கரி தீர்ந்தால் நீராவி ரயில் ஓடுமா?

1951-ல் வேல்ஸின் டாலிலின் ரயில்பாதையைத் தன்னார்வலர்கள் எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். உலகத்தில் அதுதான் முதல் முயற்சி. இன்று பிரிட்டனில் இப்படிப்பட்ட பாதைகளும் ரயில் அருங்காட்சியகங்களும் ஏராளம். அவற்றுக்காக அரசிடம் பேசும் அமைப்பு, ஹெரிடேஜ் ரயில்வே அசோசியேஷன்.

வீட்டு அடுப்புக்கு நிலக்கரி விற்பதை இங்கிலாந்து 2021-லிருந்து படிப்படியாக நிறுத்தியது. பழைய ரயில்களுக்கு அந்தத் தடை இல்லை. சங்கத்துக்கு இது வெற்றிதான். ஆனால் எரிக்க அனுமதி இருந்தால் மட்டும் போதுமா? இந்த ரயில்கள் வாங்கும் கொஞ்சம் கரியை நம்பி யாரும் சுரங்கம் நடத்த மாட்டார்கள். 2023 நவம்பரில் வேல்ஸின் ஃபோஸ்-இ-ஃப்ரான் சுரங்கம் மூடப்பட்டது. இப்போது இறக்குமதிக் கரியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

விலக்கு கேட்பதோடு சங்கம் நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து. தாவரக் கழிவையும் சேர்த்து அழுத்திச் செய்யும் கரிக்கட்டிகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள். “கரிப்புகை இல்லாமல் என்ன பாரம்பரியம்?” என்று ரசிகர்கள் முணுமுணுக்கலாம். ஆனால் வரலாறு என்ன சொல்கிறது பாருங்க: நல்ல கரி கிடைக்காத 1946 வாக்கில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயே சில எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்றியது.

எண்ணெய்க்குப் போனால் மண்வாரிக்கு வேலை இல்லை. கட்டி என்றால் ஃபயர்மேன் அள்ளிப் போட்டு, தீயைப் பார்த்துப் பார்த்து வளர்த்தாக வேண்டும். காப்பாற்ற வேண்டியது அந்தக் கைப்பழக்கத்தை. புகையின் வாசனையை அல்ல.