ரேடியேட்டருக்கு ஒரு மின்விசிறி

பழைய பிக்கப் டிரக்கில் ரேடியேட்டர் விசிறியை எஞ்சினே சுழற்றுகிறது. எஞ்சின் சக்தியில் ஒரு பங்கு விசிறிக்கே போய்விடும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் போதும். விசிறி உண்மையில் வேண்டியது நெரிசலில் ஊரும்போதுதான். அந்த வேளைக்கு மட்டும் விழித்துக்கொள்வது மின்விசிறியின் அழகு.

அமெரிக்காவில் இப்படி மின்விசிறிக்கு மாறுவோரிடம் பெயர்போனது, உடைத்துப்போட்ட வண்டிகளில் கிடைக்கும் ஃபோர்டு டாரஸ் காரின் இரண்டு வேக விசிறி. ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் நின்று காற்றை இழுப்பதே சிறந்த அமைப்பு. விசிறியின் கூடு ரேடியேட்டர் முகத்தை முழுவதும் மூடினால்தான் மூலைகளிலும் காற்று பாயும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு ஊடே பிளாஸ்டிக் டையைக் கோத்து விசிறியைக் கட்டினால், அதிர்வில் குழாய் தேய்ந்து ஒழுகும். பக்கச் சட்டத்தில் பிராக்கெட் வைத்து போல்ட் போடுவதே முறை.

பெரிய விசிறி 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். ஆகவே தடித்த வயர், தாங்கும் ரிலே, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், பெயின்ட் சுரண்டிய இடத்தில் எர்த் ஆகியவை கட்டாயம். ஆல்டர்னேட்டரும் இந்தச் சுமைக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

விசிறியை இயக்கும் நல்ல கன்ட்ரோலர் மின்சாரத்தைத் துடிப்புகளாக விட்டு வேகத்தை மெல்லக் கூட்டும், ஹெட்லைட் மங்காது. தெர்மோஸ்டாட் 82 டிகிரி செல்சியஸில் திறக்கும் வண்டியில், விசிறி 94 டிகிரியில் தொடங்கி 87 டிகிரியில் நிற்கலாம். நிற்கும் அளவு 82க்குக் கீழே போனால் விசிறி ஓயவே ஓயாது. ஏசி போட்டால் சூடு ஏறும்வரை காத்திராமல் விசிறி ஓட, கன்ட்ரோலரில் தனி இணைப்பு உண்டு.