கீட்ஸைக் கொன்றது யார்?

ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ், இதழொன்றில் வெளிவந்த மதிப்புரையைப் படித்து மனமுடைந்து மாண்டார் என்பது இலக்கிய மாணவர் பலர் கேட்ட கதை. ஷெல்லி தம் ‘அடோனெய்ஸ்’ என்னும் இரங்கற்பாவில் (1821) அப்படித்தான் பாடினார். பைரனோ அதையே எள்ளி நகையாடினார். கதை உண்மையன்று. ஆயினும் அது பிறந்த வகையை ஆராய்ந்தால், அக்காலப் பிரிட்டனில் நூலாய்வு என்ற பெயரில் நடந்தது இன்னதென்று விளங்கும்.

அந்நாளில் விக், டோரி என இரு கட்சிகள் பாராளுமன்றத்தில் எதிரெதிரே அமர்ந்திருந்தன. அரசரையும் அரசுத் திருச்சபையையும் போற்றியவர் டோரிகள். பாராளுமன்றச் சீர்திருத்தத்தின் பக்கம் மெல்லச் சாய்ந்தவர் விக்குகள். 1802இல் தோன்றிய ‘எடின்பரோ ரிவ்யூ’ விக்குகளின் குரலாயிற்று. அதன் ஆசிரியர் பிரான்சிஸ் ஜெஃப்ரி. டோரியான வால்ட்டர் ஸ்காட்டும் முதலில் அதில் எழுதினார். 1808இல் அவருடைய ‘மார்மியன்’ காவியத்தை ஜெஃப்ரி கடிந்துரைத்தார். அதே ஆண்டில் ஸ்பெயின் போரைப் பற்றி அவ்விதழ் எழுதியதையும் ஸ்காட் பொறுக்கவில்லை. மறு ஆண்டே அவர் துணையுடன் லண்டனில் ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’ பிறந்தது. 1817இல் டோரிச் சார்புடைய ‘பிளாக்வுட்ஸ் மாகசின்’ எடின்பரோவிலேயே கிளம்பியது. இவற்றில் மதிப்புரை எழுதியவர் தம் பெயரை இடுவதில்லை. முகமூடி அணிந்தவனுக்குத் துணிவு மிகுதி அல்லவா?

கீட்ஸ் எக்கட்சியிலும் சேர்ந்தவரல்லர். அவர் செய்த குற்றம் லீ ஹண்டின் நண்பராய் இருந்ததுதான். ‘எக்சாமினர்’ என்னும் வார இதழில் இளவரசரை இகழ்ந்து எழுதியதற்காக ஹண்ட் 1813 முதல் 1815 வரை சிறையில் இருந்தவர். அவர் விடுதலையான நாளைப் பாடிய கவிதை கீட்ஸின் முதல் தொகுதியில் (1817) இருக்கிறது. அந்நூலே ஹண்டுக்குக் காணிக்கை. டோரி இதழ்களுக்கு வேறு சான்று எதற்கு?

1818இல் ‘எண்டிமியான்’ வெளிவந்தது. ஆகஸ்டு மாதப் பிளாக்வுட்ஸில், ‘இசட்’ என்ற ஓரெழுத்துக்குப் பின் ஒளிந்துகொண்டு ஜே. ஜி. லாக்ஹார்ட், மருந்து கலக்கப் பயின்ற கீட்ஸை மீண்டும் மருந்துக் கடைக்கே போகச் சொன்னார். காவியத்தின் மூன்றாம் பகுதி, ஆளவந்தாரைச் சாடும் அடிகளுடன் தொடங்குகிறது. அவற்றை எடுத்துக் காட்டி, கவிதையில் மட்டுமன்றி அரசியலிலும் இவர் ஹண்டின் கூட்டத்தவரே என்று முத்திரையிட்டார். கொடுமையான கட்டுரைதான், எனினும் ஒன்று சொல்ல வேண்டும். லாக்ஹார்ட் மூன்றாம் பகுதி வரையிலாவது புரட்டிப் பார்த்திருக்கிறார்.

குவார்ட்டர்லியில் எழுதிய ஜான் வில்சன் குரோக்கர் அதுவும் செய்யவில்லை. அவர் டோரிப் பாராளுமன்ற உறுப்பினர். கடற்படைத் துறையின் செயலாளர். நான்கு பகுதிகளில் முதற்பகுதியைத் தாண்ட முடியவில்லை என்று மதிப்புரையிலேயே சொல்லிக்கொண்டார். ‘எண்டிமியான்’ குறையற்ற காவியமென்று நான் வாதாட வரவில்லை. எதுகை இழுத்த பக்கமெல்லாம் பொருள் ஓடுகிறது என்று குரோக்கர் கூறியதில் உண்மை உண்டு. தம் நூல் முதிராதது என்று கீட்ஸே முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் கால்பங்கு படித்துவிட்டு முழு நூலுக்கும் தீர்ப்பு எழுதியவரை நாம் திறனாய்வாளர் என்று அழைக்க இயலுமா? ஆய்வதற்கு முன்பே அவருக்கு முடிவு தெரிந்திருந்தது.

விக் இதழ் என்ன செய்தது? இரண்டு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. ஜெஃப்ரியின் பாராட்டு 1820 ஆகஸ்டில் வந்தது. மறு மாதமே கீட்ஸ் நோயுடன் இத்தாலிக்குக் கப்பலேறினார். 1821 பிப்ரவரி 23இல் ரோம் நகரில் இறந்தார். கொன்றது காசநோய், 1818இன் இறுதியில் அவர் தம்பி டாமையும் கொண்டுபோன அதே நோய்.

மதிப்புரைகள் வந்த சில வாரங்களில், தம் கவிதையைத் தாமே எடைபோட்டுப் பட்ட வேதனை பிளாக்வுட்ஸும் குவார்ட்டர்லியும் தந்ததைவிடப் பெரிது என்று கீட்ஸ் தம் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். இத்தகைய நெஞ்சுரம் உடையவரைத் தொட்டால் வாடும் மலராக்கியவர்கள் அவருடைய நண்பர்களே. டோரிகளுக்கு அவர் ஹண்டின் எடுபிடி. எதிரணியினருக்கு டோரிகளின் கொடுமைக்குச் சாட்சி. 1819இல் ஒரே ஆண்டில் அவர் எழுதிக் குவித்த ஒப்பற்ற பாடல்கள் இரு திறத்தாருக்கும் இரண்டாம் பட்சமாயின. எனக்கு முதல் அநீதியைவிட இந்த இரண்டாவதே நெடுங்காலம் நிலைத்ததாகத் தோன்றுகிறது.

இச்சண்டையில் உண்மையாகவே உயிர் துறந்தவர் வேறொருவர். ‘லண்டன் மாகசின்’ ஆசிரியர் ஜான் ஸ்காட், பிளாக்வுட்ஸின் முகமூடித் தாக்குதல்களைக் கண்டித்து எழுதினார். லாக்ஹார்ட்டுடன் மூண்ட பூசல், லாக்ஹார்ட்டின் நண்பர் கிறிஸ்டியுடன் துப்பாக்கிச் சண்டையாய் முடிந்தது. 1821 பிப்ரவரி 16இல் சுடப்பட்ட ஸ்காட், கீட்ஸ் இறந்த நான்காம் நாள் இறந்தார். லாக்ஹார்ட் 1825இல் குவார்ட்டர்லியின் ஆசிரியர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் ஆசிரியராயிருந்த 1833இல், டென்னிசன் என்னும் இளங்கவிஞரின் புதுத் தொகுதியைக் கிழித்தெறிந்த மதிப்புரை ஒன்று அதில் வந்தது. எழுதியவர் அதே குரோக்கர்.