தெருவளவு நியாயம்

செவ்வாய்ப்பேட்டையும் குகையும் அம்மாப்பேட்டையும் இனிமேல் ஒரு வீட்டுக்கும் இடங்கொள்ளாது என்ற நிலை வந்த பிறகு, வடக்கே அழகாபுரம் தொடங்கிக் கன்னங்குறிச்சி வரையிலும், மேற்கே சூரமங்கலத்தைக் கடந்தும், தெற்கே கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி வழியாக மல்லூர்ச் சாலையை ஒட்டியும், 'நகர்' என்ற பின்னொட்டோடு எழுந்த குடியிருப்புகளில் வாழ்கிற சேலத்துக் கிருகஸ்தரைப் பற்றி இலக்கியம் அதிகம் பேசியதில்லை. இராசிபுரத்துக்கோ ஓமலூருக்கோ சங்ககிரிக்கோ பக்கத்திலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்து, உருக்காலையிலோ ரயில்வேயிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ உத்தியோகம் பார்த்து, அல்லது லாரி, தறி, ஜவ்வரிசி இவற்றில் ஒன்றைத் தொழிலாகக் கொண்டு, பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்து நகரத்தின் விளிம்பில் வீடு கட்டிக்கொண்டவர் அவர். கிராமத்துக் காட்டையும் குலதெய்வத்தையும் அவர் கைவிடவில்லை. எந்தக் கட்சிக்கு வாக்களித்தாலும் மனத்தளவில் அவர் பழமைப் பற்றாளரே. அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். "ஆமாங்க, நாங்க அந்தக் காலத்து ஆளுங்கதான்" என்று சற்றுப் பெருமிதத்தோடே ஒப்புக்கொள்வார்.

இவருடைய அபிப்பிராயங்கள் உருவாகிற இடம் தினசரியும் தொலைக்காட்சியும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அவை செய்தியைத் தருகின்றனவே தவிர, தீர்ப்பு பிறக்கிற இடம் வேறு. சனிக்கிழமை காலையில் குடும்பத்தோடு புறப்பட்டு, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சென்று, நாமக்கல்லில் மேற்கூரையில்லாத வெட்டவெளியில் 18 அடி உயரத்தில் நின்று எதிரேயுள்ள குடைவரை நரசிம்மரை நோக்கிக் கைகூப்பும் ஆஞ்சநேயரைச் சேவித்து, வேண்டுதல் இருந்தால் வடைமாலை சாத்தித் திரும்புவதும், ஞாயிறு விடிந்ததும் உழவர் சந்தைக்குப் போய்க் கீரை வாங்குகிற சாக்கில் மழை பெய்த ஊர்களின் பட்டியலைக் கேட்டறிவதும், கறிக்கடை வரிசையில் நிற்கும்போது உள்ளூர் அரசியலை அலசுவதும், பத்து மணிக்குமேல் எவர் வீட்டுக் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ கிடாவெட்டுக்கோ போய் உறவினர் நடுவில் உட்கார்வதுமாக வார இறுதி கழிகிறது. ஆடி மாதத்தில் மேட்டூர் அணை 120 அடியை எட்டிப் பதினாறு கண் மதகு திறக்கப்பட்டால் அதைப் பார்க்கப் போவதும், கோடையில் இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறுவதும் இந்த நித்திய கர்மத்துக்கு இடையே வருகிற நைமித்திகங்கள். இந்தச் சுற்றில் கேட்டது, ஒப்பிட்டது, பெரியவர்கள் தலையசைத்தது ஆகியவற்றிலிருந்தே திங்கட்கிழமையன்று அவரிடம் ஓர் அபிப்பிராயம் திடமாக நிற்கிறது. சுற்றத்தின் நடுவில் உட்கார்ந்து உலகத்தை எடைபோடுகிற இந்த வழக்கத்தைப் புத்திமான்கள் எளிதாக நகையாடிவிடுகிறார்கள். நான் அவ்வாறு செய்யத் தயங்குகிறேன்.

முதற்காரணம், கண்ணுக்கும் காலுக்கும் எட்டிய விஷயங்களில் இந்த வழக்கம் அபூர்வமான துல்லியத்தைத் தருகிறது என்பது. 2018 ஆம் ஆண்டு சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர் நீளத்தில் எட்டுவழிச் சாலை அமைக்க நிலம் அளக்கப்பட்டபோது, அதை எதிர்த்தவர்களை முன்னேற்றத்தின் விரோதிகள் என்று சொன்னவர்கள் பலர். அந்தப் பாதையில் நிலமிழக்க இருந்தவர்களுடைய உறவினர்கள் சேலத்துப் புறநகர்களிலும் இருந்தார்கள். அவர்கள் வீடுகளில் கணினிக் கம்பெனி வேலைக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகள் உண்டு. விரைவான சாலையின் உபயோகம் அவர்களுக்குத் தெரியாததன்று. ஆனால் கிணறும் தென்னையும் கட்டுத்தரையும் சேர்ந்த ஒரு காட்டை விற்று வந்த பணத்தைக் கொண்டு அதே மாதிரிக் காட்டை வேறெங்கும் வாங்க முடியாது என்பதை அவர்கள் கல்யாணப் பந்தியில் கேட்ட பத்துக் குடும்பங்களின் சரித்திரத்திலிருந்து அறிந்திருந்தார்கள். "காட்ட விட்டுட்டுக் காச வெச்சு என்னங்க பண்றது?" என்ற கேள்விக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் விடை இல்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது; 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் திட்டத்துக்கு வழிவிட்டாலும், நில ஆவணங்களில் அவசரப்பட்டுச் செய்த மாறுதல்களைத் திருத்தச் சொல்லிற்று. சட்டம் எப்பக்கம் நின்றபோதிலும், நஷ்டத்தின் அளவை முதலில் சரியாகக் கணித்தவர் இந்தத் தெருவளவு ஞானஸ்தரே.

தண்ணீர் விஷயமும் அத்தகையது. 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை சேலம் மண்ணில் நின்றுகொண்டு தஞ்சைத் தரணிக்குப் பாய்கிறது. அணையிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ஏரிகள் வறண்டு கிடக்க, வெள்ளக்காலத்து உபரிநீர் கடலுக்குப் போகிறது என்ற குறை மூன்று தலைமுறையாக ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் இருந்து வந்தது. அந்தப் பேச்சு கடைசியில் நூறு ஏரிகளை உபரிநீரால் நிரப்பும் 565 கோடி ரூபாய்த் திட்டமாக உருவெடுத்து 2021 இல் முதற்கட்டமாகத் தண்ணீரும் ஓடியது. ஒரு மனக்குறையை அது தீரும் வரை அணையாமல் காத்துவருவதற்குப் பழமைக்குணம் வேண்டியிருக்கிறது. நாள்தோறும் புதுப் பரபரப்பைத் தேடுகிறவனால் அது ஆகாது. ஆயினும், பல நகர்களின் மனைப்பிரிவுகள் பழைய ஓடைகளையும் ஏரிக்கு நீர் வரும் வாரிகளையும் மூடியே போடப்பட்டன என்பதும், ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி மாநகராட்சியைத் திட்டுகிற கிருகஸ்தர் அந்த மனையின் பூர்வோத்தரத்தைப் பற்றிப் பேச விரும்புவதில்லை என்பதும் இங்கே குறிப்பிடத் தக்கவை.

மொய் எழுதுகிற சம்பிரதாயத்தைச் சற்று நின்று பார்க்கலாம். ஞாயிறன்று மண்டபத்துக்குப் புறப்படுமுன் அலமாரியிலிருந்து பழைய மொய் நோட்டை எடுத்து, அந்த வீட்டார் நமக்கு எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்து, அதற்குமேல் கொஞ்சம் கூட்டி எழுதுவதென்பது வட்டியில்லாத கடனாகவும், பத்திரமில்லாத உடன்படிக்கையாகவும், துன்பகாலத்துக்குக் காப்பாகவும் ஒருங்கே இயங்குகிறது. தறி நின்றுபோன வீட்டுக்கும், லாரியை நிதிக் கம்பெனிக்காரன் எடுத்துப்போன வீட்டுக்கும் ஒரு காதுகுத்து கைகொடுத்ததை நாமெல்லோரும் அறிவோம். ஆனால் அந்த நோட்டில் பெயர் ஏறியவர்களுக்கே அந்தக் காப்பு உண்டு. எதிர் வீட்டில் பதினைந்து வருஷமாக வாடகைக்கு இருந்து, தெருவின் நல்லது கெட்டது அனைத்துக்கும் ஓடிவருகிற வேறு சாதிக்காரருடைய பெயர் அதில் கடைசிப் பக்கத்தில், 'பழக்கம்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். நூறு ரூபாய் எழுதிய பங்காளியின் பெயர் முதற்பக்கத்தில் இருக்கும். இந்தப் பக்க வித்தியாசத்தில்தான் இந்த வழக்கத்தின் மேன்மையும் கோளாறும் சேர்ந்தே உறைகின்றன என்பது என் கட்சி. சுற்றத்தின் வழியாகப் பெறுகிற அறிவு, சுற்றம் சம்பந்தப்படாத வரைக்கும் நிதானமான நீதிபதியாயிருக்கிறது. சுற்றமே வழக்காளியாக வந்து நிற்கும்போது அதே அறிவு வக்கீலாக மாறிவிடுகிறது.

மதுவைப் பற்றிய அபிப்பிராயத்தை உதாரணமாகக் கொள்ளலாம். 1900 இல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கி, 1917 முதல் நகரசபைத் தலைவராயிருந்து, 1925 இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிய ராஜாஜி, முதன்மந்திரியானதும் 1937 அக்டோபர் 1 ஆம் தேதி முதற்கண் மதுவிலக்கை அமல்செய்தது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான். கள்ளுக்கடையை மூடினால் கஜானாவில் குழி விழும் என்பதை உணர்ந்து, 1939 இல் விற்பனை வரியைக் கொண்டுவந்து, ஒழுக்கத்துக்குரிய விலையை எல்லோர் தலையிலும் வைத்தார். அது சரியா தவறா என்பது வேறு விசாரம். கொள்கைக்கு விலை உண்டென்று ஒப்புக்கொண்ட பழமைவாதம் அது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்ற உச்சநீதிமன்றத்தின் உத்தரவு 2017 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்து, கடைகள் குடியிருப்புகளுக்குள் நுழைய முற்பட்டபோது, தமிழகத்தின் பல ஊர்களில் பெண்கள் திரண்டு மறித்தார்கள். அந்த மறியலில் நியாயமிருந்தது. ஆனால் நலச்சங்கமும் செல்வாக்கும் உள்ள நகர்க்காரர்களின் கோரிக்கை பெரும்பாலும் 'எங்கள் தெருவில் வேண்டாம்' என்பதோடு நின்றது. மனு எழுதத் தெரியாத காலனிக்குப் பக்கத்தில் கடை போய் அமர்ந்ததும் கிருகஸ்தர் திருப்தியோடு வீடு திரும்பினார். இதைத்தான் தெருவளவு நியாயம் என்கிறேன்.

இன்னும் கடினமான சோதனை 2015 இல் வந்தது. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டு பெருமாள்முருகன் எழுதி 2010 இல் வெளிவந்த 'மாதொருபாகன்' நாவல், அர்த்தநாரீசுவரர் தேர்த்திருவிழாவையும் ஊர்ப்பெண்களையும் இழிவுபடுத்துகிறதென்ற கிளர்ச்சி எழுந்து, ஜனவரியில் ஊர் கடையடைத்தது. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், அரசுக் கல்லூரி ஆசிரியரான அவர் தமக்குள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்துவிட்டு ஒதுங்கினார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவரை மீண்டும் எழுதச் சொல்லும் வரை அந்த மௌனம் நீடித்தது. அதே 2015 இல், ஜூன் மாதத்தில், அதே திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் உடன்படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஒரு தலித் இளைஞன் கடத்தப்பட்டு, பள்ளிபாளையத்துக்கு அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள்தண்டனை விதித்தது. நாவலைப் படிக்காமலே அதைப் பற்றிப் பந்தியில் உரக்கப் பேசியவர்கள், கொலையைப் பற்றிப் பேச்செடுத்தபோது குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பக்கமும் இருக்குதுங்க" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் குரூரமானவர்கள் அல்லர். அடிபட்டுக் கிடக்கிற யாரையும் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தயங்காதவர்கள். கற்பனைக் கதையில் தம் ஊருக்கு நேர்ந்ததாக நினைத்த அவமானம் அவர்கள் வீட்டு வாசலில் நடந்ததாகத் தோன்றிற்று. சில மைல் தூரத்தில் விழுந்த பிணமோ நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட இல்லாத வீட்டுக்குரியது.

பெண்மக்கள் விஷயத்தில் இந்தக் கணக்கு சுற்றத்தையே திருப்பித் தாக்கியது. பெண் சிசுக்களைக் காப்பாற்றுவதற்காகத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992 இல் தொடங்கப்பட்டது இந்தச் சேலத்தில்தான். 2001 குடிக்கணக்கிலும் இம்மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரவருக்குப் பெண் குழந்தைகள் ஏறக்குறைய 850 பேரே இருந்தார்கள். சீர்வரிசைக்கு அஞ்சியும், காடு பிரிந்துவிடும் என்று கணக்கிட்டும், 'ஒண்ணே ஒண்ணு, ஆணாப் போதும்' என்று சுற்றமெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமை விவேகத்தைப் பகிர்ந்துகொண்டதன் பலன், முப்பத்தைந்து வயதாகியும் பெண் கிடைக்காத மாப்பிள்ளைகளாக இன்று அதே பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. தரகர்கள் பாலக்காட்டுப் பக்கம் பெண் பார்க்கப் போகிறார்கள். அங்கிருந்து வருகிற மணமகளின் கூட்டத்தையும் குலத்தையும் பற்றி எவரும் துருவிக் கேட்பதில்லை, பாஷை புரியாத மாமியாரும் மருமகளும் ஓராண்டுக்குள் ஒருவருக்கொருவர் பழகிக்கொள்கிறார்கள், அந்தக் கல்யாணத்துக்கும் அருமைக்காரர் வந்து சீர் நடத்துகிறார், மொய்யும் எழுதப்படுகிறது. அசையாதென்று சொல்லப்பட்ட ஆசாரம் மகனுக்காக இவ்வளவு லகுவாக வளைகிறது. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் இரவு பகலாகப் படிக்கவைத்து, பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பிய, வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் வந்திறங்கும் மகள், தான் விரும்பிய ஒருவனின் பெயரைச் சொல்கிறபோது மட்டும் அது இரும்பாகிவிடுகிறது.

பிற்காலத்தில் சுதந்திராக் கட்சியைக் கண்டு, நாட்டின் தலைசிறந்த பழமைவாதி என்று பெயரெடுத்த ராஜாஜியின் வீட்டிலும் இந்தப் பிரச்னை எழுந்ததுண்டு. தந்தை தொழிலையே பிள்ளை கற்கட்டும் என்ற அவருடைய 1953 ஆம் ஆண்டுக் கல்வித் திட்டம் சுற்றத்தின் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்ப்பதில் உள்ள குருட்டுத்தனத்தையே காட்டிற்று; நாடு அதை நிராகரித்தது, அவரும் மறு ஆண்டு பதவி விலகினார். ஆனால் அதற்கு இருபது வருஷங்களுக்கு முன், மகள் லட்சுமியும் காந்தியின் மகன் தேவதாசும் ஒருவரையொருவர் விரும்பியபோது, சாதியும் பாஷையும் வேறாயிருந்தும் அவர் மறுத்துவிடவில்லை, சம்மதித்துவிடவும் இல்லை. இரு தந்தையரும் கலந்து, அவர்களைச் சில ஆண்டுகள் பிரிந்து காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தும் மனம் மாறாததைக் கண்டு, 1933 இல் புனாவில் மணம் முடித்து வைத்தார்கள். பழமை கேட்கத் தகுந்த அவகாசம் அவ்வளவே என்று எனக்குத் தோன்றுகிறது. அழகாபுரத்திலும் சூரமங்கலத்திலும் அந்த அவகாசத்தைக் கேட்கிற தகப்பன்மார் சிலரை இப்போது பார்க்கிறேன். அது முடிந்த பின்னும் வாக்கு மாறாமல் பந்தலுக்கு வந்து, மருமகனுடைய வீட்டாரின் பெயரைத் தம் நோட்டின் முதற்பக்கத்தில் எழுதுகிறவர்கள் இன்னும் மிகக் குறைவு.