கவசம் யாரைக் காத்திருக்கும்?

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானின் சீ-நூ டாங்கிக்கு இப்போது ரசிகர்கள் பெருகியிருக்கிறார்கள். கணினி விளையாட்டுகளிலும் பிளாஸ்டிக் மாதிரிகளிலும் அதைப் பார்த்துப் பழகியவர்கள் ஒரு வாதத்தையும் சேர்த்தே முன்வைக்கிறார்கள்: தாயகக் காப்புக்கென 1944 ஜூலையில் ஜப்பான் திரட்டிய நான்காம் கவச டிவிஷன் களம் கண்டிருந்தால், தோக்கியோவைச் சூழ்ந்த கான்டோ சமவெளியில் அமெரிக்கப் படை பெரும் விலை கொடுத்திருக்கும் என்று. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த டிவிஷனுக்குப் பெருமை இல்லாமல் இல்லை. பயிற்சிப் பள்ளிகளின் ஆட்களைக் கொண்டு எழுப்பிய படை என்பதால் தொழில் தெரிந்தவர்கள் அதில் இருந்தார்கள். அதற்குக் கிடைத்த சீ-நூவின் 75 மி.மீ. பீரங்கி அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கியோடு மோதக்கூடியது. சைப்பான் தீவில் அமெரிக்கர் இறங்கிய கடற்கரையை நோக்கிப் பாய்ந்த ஜப்பானிய டாங்கிகள் ஒரே இரவில் அழிந்துபோயின. அதன் பிறகு கவசப் படையை உள்நாட்டில் கையிருப்பாக நிறுத்தியதிலும் நியாயம் உண்டு. மூன்று டாங்கி ரெஜிமென்டுகள் இருந்தும், முந்தைய கவச டிவிஷன்களுக்கு இருந்த காலாட்படை இதற்கு இல்லை. அந்தக் குறையைக்கூட நான் பெரிதுபடுத்தப் போவதில்லை.

என் கேள்வி சாலையைப் பற்றியது. முதலாம், நான்காம் கவச டிவிஷன்கள் இரண்டும் 36ஆம் ராணுவத்தின் கீழ் இருந்தன. எதிரி கான்டோ கரையின் குஜுகுரியிலோ சகாமி விரிகுடாவிலோ இறங்கினால், டாங்கிகள் உள்ளிருந்து கடலை நோக்கி ஓட வேண்டும். அதே நேரத்தில் கரையோர ஊர்களின் மக்கள் உள்நாட்டை நோக்கி ஓடுவார்கள். சாலைகள் குறுகலானவை, இருபுறமும் வயல். 1945 மார்ச் 10 இரவில் சுமார் ஒரு லட்சம் பேரை நெருப்புக்குப் பறிகொடுத்த தோக்கியோவின் மக்கள், அபாயம் வந்தால் வீட்டிலேயே அடங்கியிருப்பார்கள் என்று எந்தத் தளபதி நம்பியிருக்க முடியும்?

முதலாம் டிவிஷனில் டாங்கி அதிகாரியாக இருந்த ஷிபா ரியோதாரோ, பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியர், இதே கேள்வி அன்றே எழுந்ததாக எழுதியிருக்கிறார். எதிரே வரும் மக்கள்மீது டாங்கியை ஏற்றிக் கொன்றுவிட்டுப் போகும்படி தலைமையக அதிகாரி பதில் சொன்னாராம். இந்த நினைவை ஐயுறும் வரலாற்றாளர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அந்தப் பதில் சொல்லப்படவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கேள்வி மறைந்துவிடாது. ராணுவம் தெற்கே பின்வாங்கியபோது மக்களும் அதே பாதையில் சிக்கிச் செத்ததை ஒகினாவா 1945 மே இறுதியிலேயே காட்டிவிட்டது. அதற்குப் பின்னும் ஜூன் மாதச் சட்டம் 15 முதல் 60 வயது வரையான ஆண்களையும் 17 முதல் 40 வரையான பெண்களையும் தொண்டர் படைக்கு உரியவர்களாக்கியது. காக்கப்பட வேண்டியவர்களையே படையாக எண்ணிய திட்டம் அது. ஆனால் பேரரசருக்கும் தலைமையகத்துக்கும் பாதுகாப்பிடம் அமைக்க நாகானோவின் மட்சுஷிரோவில் 1944 நவம்பர் முதலே மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

இதைத் தொடாமல் பீரங்கியின் விட்டத்தையும் கவசத்தின் தடிமனையும் மட்டும் அளப்பவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. அவர்களது கற்பனைப் போரில் எரியும் ஷெர்மன்களுக்கு எண்ணிக்கை உண்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கைவண்டி தள்ளிக்கொண்டு அந்தச் சாலையில் வருபவர்களுக்கு இல்லை. ஆகஸ்ட் 15 சரணடைவால்தான் குஜுகுரி இருக்கும் சீபா மாவட்டத்து மக்கள் அந்தச் சாலையில் டாங்கிகளுக்கு எதிரே வராமல் தப்பினார்கள்.